கையுறைக் காலம்

வினிப்பெக்கில் சனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
ஆழினிக்குப் பத்தொன்பது மாதம்.
கையுறை இரண்டையும் மாட்டிவிட்டால்
அவளுக்குப் பேச்சு நின்றுவிடும்.

பேச்சென்று நான் சொல்வது விரலை.
வாயில் இன்னும் ஒரு சொல்லும் இல்லை,
‘ம்’மைச் சேர்க்காவிட்டால்.
சுட்டுவிரல்தான் எங்கும் போய்வருகிறது:
பிரிட்ஜுக்கு, கூரை லைற்றுக்கு,
தெருவில் பனி வழிக்கும் லொறிக்கு,
ஒருநாள் என் தாடையில்
சவரக் கத்தி கீறிய இடத்துக்கு.
அவள் காட்டுவாள், நான் சொல்லவேண்டும்.
பால். லைற். இரத்தம்,
ஒன்றுமில்லையம்மா, காய்ந்துவிட்டது.
சொல்லும்வரை விரல் இறங்காது.

மக்ஃபிலிப்ஸ் தெருக் கிளினிக்கில்
படிவம் கேட்டது:
பிள்ளை எத்தனை சொல் பேசுகிறது?
கட்டம் மிகச் சிறியது.
பூச்சியம் போட்டேன்.
போட்ட பூச்சியம்
திறந்த வாய்போல
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தாதி மரிசெல் டப்பாவைத் திறந்து
பிஸ்கற் வேணுமா என்றாள்.
ஆழினி தலையை
இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாய்ச் சாய்த்தாள்,
எங்கள் வீட்டு ‘ஓம்’.
வேண்டாமாம் என்று எழுதிக்கொண்டு
மரிசெல் டப்பாவை மூடினாள்.

என் மகள் மெல்லத் திரும்பி
என்னைப் பார்த்தாள்.
மொழிபெயர்ப்பாளரைத் தேடும் அந்தப் பார்வை
எனக்கு நன்றாகத் தெரியும்.
வந்த புதிதில் எல்லாக் கவுண்டரிலும்
நான் பார்த்த பார்வை.

“அப்படி ஆட்டினால் ஓம்” என்றேன்.
மரிசெல் சிரித்தாள். எழுதியதை வெட்டினாள்.
எங்கள் வீட்டில் கைகூட வேண்டாம் என்றவள்,
ஒரு கையில் கோப்பும் மறு கையில் ஊசித் தட்டுமாக
உதட்டைக் குவித்து
நாற்காலிப் பக்கம் நீட்டினாள்.
நான் அவள் வாயில் என்ன ஒட்டியிருக்கிறதென்று பார்த்தேன்.
ஆழினி நேரே போய்
நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

அ, இ, உ சுட்டெழுத்து.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான்.
சுட்டும் எழுத்துக்கு முன்னால்
சுட்டும் விரலொன்று இருந்திருக்குமே,
எந்த வினாத்தாளும் அதைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ் தரிப்பு.
மறுபடி கையுறை.
ஐந்து விரலும் ஒரே கம்பளிக்குள்
ஊமையாகிப் போயின.
ஆழினி என் முகத்தை நோக்கி
உதட்டைக் குவித்தாள்.
முத்தமென்று நினைத்துக் கன்னத்தைக் கொடுத்தேன்.
கம்பளி முட்டியால் கன்னத்தைத் தள்ளிவிட்டு
மறுபடி குவித்தாள், கோபத்தோடு.
திரும்பிப் பார்த்தால்
என் முதுகுக்குப் பின்னால்
பனிப்புகைக்குள் இரண்டு விளக்கு.
பஸ்.
தவறவிட்டிருந்தால் இன்னும் இருபது நிமிடம்.

அதன்பிறகு பிப்ரவரி முழுக்க எங்கள் வீட்டில்
உப்புப் போத்தலையும் ரிமோட்டையும்
உதட்டால்தான் காட்டினோம்.
தர்சிகாவுக்குப் பிடிக்கவில்லை.
‘அவள் கதைக்கமாட்டாள், நீங்களும் சேர்ந்து
கதையை விட்டிட்டீங்கள்.’

மார்ச்சில் ஒரு விடியல்.
தர்சிகா ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள்.
ஆழினி கட்டிலை விட்டிறங்கி
வெறுங்காலுடன் வாசலுக்கு நடந்தாள்.
அங்கே மூன்று கொளுக்கி.
என் கோட், அவள் கோட்,
நடுவில் வெறும் பித்தளை.
அதை விரலால் தொடாமல் தொட்டு,

‘அம்மா’ என்றாள்.

அழவில்லை, கூப்பிடவில்லை.
எழுவாய் வாயில் இருந்தது,
பயனிலை விரலில்.
அவ்வளவு முழுமையான வாக்கியத்துக்கு
என்ன சேர்ப்பதென்று தெரியாமல்
முதல்முறையாக நான் பேசாமல் நின்றேன்.
விரல் தானாகவே இறங்கியது.

கைநடுங்கத் தர்சிகாவை அழைத்தேன்.
“சொல்லிட்டாள்!”
“என்ன? என்ன சொன்னவள்?”
“இந்தா, இதை” என்றேன்.
“எதையப்பா? சொல்லுங்கோவன்.”

தொலைபேசியைக் காதில் வைத்தபடி
வெறும் கொளுக்கியைக்
காட்டிக்கொண்டே இருந்தேன்.